பூப்பந்துத் திடலில் பேராக்

செம்மோரைத் தாண்டி, செம்பனைக் காட்டுக்கும் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கும் நடுவே இருக்கும் கிளாவர்டன் தமிழ்ப்பள்ளியின் பின்புறம், பழைய பூப்பந்துத் திடலில், மலேசியாவின் பேராக் மாநிலம் முழுவதும் இருக்கிறது. வடக்கே பாரிட் புந்தாரில் நெல் விளைகிறது. தைப்பிங்கில் பெரும்பாலான மதியங்களில் மழை பெய்கிறது. அந்த மழை தைப்பிங்கைத் தாண்டி ஒரு சாண்கூட விழுவதில்லை. மேற்கு ஓரத்தில் கடல் ஏறி இறங்குகிறது. புதிதாக வரும் ஆசிரியர்களுக்குக் கழிவறையையும் சிற்றுண்டிச் சாலையையும் காட்டும்போது இதையும் காட்டுகிறார்கள்.

இதை உண்டாக்கியவர் நான்காம் ஆண்டு ஆசிரியை கலாதேவி. அவருக்கு அப்படி ஒரு எண்ணமே இருந்ததில்லை. ஈப்போவில் பிறந்து ஈப்போவிலேயே வளர்ந்தவர். தினமும் தன் சின்னக் காரில் செம்மோருக்கு வந்து போய்க்கொண்டு, டவுன் பள்ளி ஒன்றுக்கு மாற்றல் கேட்டு, ஒவ்வோர் ஆண்டும் இல்லை என்ற பதிலைக் கேட்டு அலுத்திருந்தார். தன் மாநிலத்தில் பாதியை அவர் பார்த்ததில்லை. லூமுட் கடலைச் சின்ன வயதில் ஒருமுறை பேருந்துக்குள்ளிருந்து பார்த்தது, அவ்வளவுதான். ஆறுகளும் ஊர்களும் அவரைப் பொறுத்தவரை மனப்பாடம் செய்து ஒப்பிக்க வேண்டிய பெயர்கள். நம் மாநிலம் என்ற பாடத்துக்கு ஏதாவது செய்முறை காட்டியே ஆகவேண்டும் என்று தலைமையாசிரியர் நச்சரித்ததால், வலை கிழிந்து, சிமெண்டுத் தரை வெடித்துக் கிடந்த பூப்பந்துத் திடலில் சுண்ணக்கட்டியால் பேராக்கின் எல்லையை வரைந்தார். சொந்தக்காரர்கள் யார் யார் எந்த ஊரில் இருக்கிறார்களோ, அந்த ஊரிலிருந்து கொஞ்சம் மண் கொண்டுவாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார்.

வந்தது கொஞ்ச மண் இல்லை. ஆயர் தாவாரிலிருந்து செம்பனைக் காட்டுக் கறுப்பு மண் அரிசிச் சாக்கில் வந்தது. பாரிட் புந்தாரிலிருந்து வயல் சேறு பெயிண்ட் டப்பாவில் வந்தது. கம்பாரில் ஈயம் தோண்டிய லம்பம் இருந்த இடத்து வெள்ளை மணலை ஒரு தகப்பனார் மோட்டாரில் இரண்டு நடை ஏற்றி வந்தார். ஈப்போவுக்குச் சுண்ணாம்புக்கல் கிடைத்தது. குனோங் கொர்பு மலைக்குக் கல் உடைக்கும் இடத்துக் கற்களைக் குவித்தார்கள். கடலுக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது சுரேன் வந்தார். சுரேன், வகுப்பில் படிக்கும் புனிதாவின் அப்பா. லூமுட்டில் நஜ்முதீன் என்பவர் சாப்பாட்டுக் கடையோடு ஒரு தூண்டில் படகும் வைத்திருந்தார். அந்தப் படகை ஓட்டுவது சுரேனின் வேலை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வருவார். மனைவி சரளா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்ததால் குடும்பம் இங்கேயே இருந்தது. அவர் ஒரு வாளி மணலும் ஒரு தோம்பு நிறையக் கடல்நீரும் கொண்டுவந்து, திடலின் மேற்கு ஓரத்தில் ஊற்றிவிட்டு, வெடிப்பில் இறங்கிவிடும் டீச்சர், அடுத்த தடவை இன்னும் கொண்டாரேன் என்று சொல்லிப் போனார்.

தண்ணீர் இறங்கவில்லை. மறுநாள் காலை அது சுண்ணக்கட்டிக் கோட்டை விட்டு ஒரு விரல் தள்ளி நின்றது. பசியாறிவிட்டு வந்து பார்த்தபோது கோட்டைத் தொட்டிருந்தது. அந்த வாரமே மலையடுக்கில் எங்கோ ஈரம் கசிந்து, பிள்ளைகள் விரலால் கிழித்து வைத்திருந்த பள்ளத்தில் பேராக் ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடத் தொடங்கியது. கோலக்கங்சாரில் வளைந்து, தெலுக் இந்தானில் அகன்று, பாகான் டத்தோ பக்கம் கடலில் சேர்ந்தது. பாட நூலில் இருந்த படத்தில் ஒரு வளைவு விட்டுப்போயிருந்ததை ஆறு தானே திருத்திக்கொண்டது. பாரிட் புந்தாரின் சேற்றில் பச்சை அரும்பியது. எல்லோரும் வந்து பார்த்தார்கள். பிறகு மணியடித்தது, வகுப்புக்குப் போனார்கள்.

கலாதேவி மட்டும் அங்கேயே நின்றார். தைப்பிங் மேல் உள்ளங்கை அளவு மேகம் ஒன்று கறுத்து, மெல்லிய நூல்களாக இறங்கி, தீர்ந்து, கலைந்தது. பதினாறு வருஷமாக 'தைப்பிங், மலேசியாவில் அதிகம் மழை பெய்யும் ஊர்களில் ஒன்று' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டிருந்தார். அந்த வாக்கியத்துக்குள் மழை இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது.

மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். திடலைச் சுற்றி நடந்தார், லூமுட்டில் விரலை நனைத்து முகர்ந்தார், இது தேர்வில் வருமா என்று கேட்டார். வராது என்றார் தலைமையாசிரியர். அப்படியானால் பிள்ளைகள் தவறி விழாமல் சுற்றிலும் செங்கல் அடுக்குங்கள் என்று சொல்லிவிட்டு, தேநீர் குடித்துவிட்டுப் போனார். செங்கல் அடுக்கினார்கள்.

ஜூன் மாதம் சரித்திரப் பாடம் தொடங்கியது. கலாதேவி திடலின் ஓரத்திலேயே வகுப்பை நடத்தினார். லாரூட்டில் ஈயம் கிடைத்த கதையைச் சொன்னபோது அந்தப் பக்கம் மண் குழி குழியாகத் திறந்து சாம்பல்நிறத் தண்ணீர் தேங்கியது. தைப்பிங்கிலிருந்து கடற்கரைக்கு முதல் ரயில் ஓடியதைச் சொன்னபோது, எறும்பு வரிசையைவிட மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று ஊர்ந்து போய் நின்றது. அதன் முனையில் ஊசி நுனியளவு புகை எழுந்தது. ஆனால் ரப்பர் பாடத்துக்கு வந்தபோது எதுவும் நடக்கவில்லை. நூலில் நான்கு வரி இருந்தது: கோலக்கங்சாரில் மரம் நடப்பட்டது, பிறகு பேராக் முழுவதும் தோட்டங்கள் திறக்கப்பட்டன, ஏற்றுமதி பெருகியது. அவர் இரண்டு முறை வாசித்தார். மண் அசையவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

கையைத் தூக்கியது புனிதா. வகுப்பில் மிகக் குறைவாகப் பேசும் பிள்ளை அது.

"யார் நட்டாங்கன்னு நீங்க சொல்லலையே டீச்சர்" என்றாள்.

கலாதேவி பாட நூலை மூடினார். வீட்டில் கேட்டு வாருங்கள் என்று பிள்ளைகளை அனுப்பினார். மறுநாள் அவர்கள் கேட்டு வந்ததோடு பெற்றோரையும் கூட்டி வந்தார்கள். பெற்றோர் சங்கத் தலைவர் பிச்சைமுத்து லோரியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு வந்தார். அவர்தான் முதலில் சொன்னார். தன் பாட்டனார் நாகப்பட்டினத்தில் கப்பலேறியது, காடு வெட்டும்போது மலேரியாவில் அவருடைய தம்பி இறந்தது, அந்தத் தம்பிக்கு இருபது வயதுகூட ஆகியிருக்கவில்லை என்பது. அவர் சொல்லி முடிப்பதற்குள் செம்மோர் பக்கம் மண்ணில் பச்சைப் பாசி போல ஏதோ படர்ந்தது. அறிவியல் அறைப் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார்கள். பால்மரங்கள் நிரை நிரையாக நின்றன. இன்னொருவர் வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களத்தில் விடியுமுன் பேர் கூப்பிட்டதைச் சொன்னார். இன்னொருவர், ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து ஆண்களை லோரியில் ஏற்றி சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனதையும், அந்த லோரியில் போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பாததையும் சொன்னார். சொல்லச் சொல்லத் தெற்கே சுங்கை வரைக்கும், மேற்கே சித்தியவான் வரைக்கும் மரங்கள் எழுந்தன. அவற்றின் நடுவே வரிசை வீடுகளாக லயங்கள், கோயில், மருந்துக்கொட்டகை. நூலில் இல்லாத தோட்டங்கள் அத்தனையும் தங்கள் தங்கள் இடத்தில் வந்து நின்றன.

ஒரு வாரம் வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். தாமான்கள் என்னும் வீடமைப்புப் பகுதிகளில் குடியிருப்பவர்கள், தொழிற்சாலைச் சீருடையோடு வந்தவர்கள், பாதுகாவலர் வேலை முடித்து நேராக வந்தவர்கள். செங்கல்லுக்கு இந்தப் பக்கம் குந்தி உட்கார்ந்து கண்ணாடியை மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தார்கள். கள்ளுக்கடை கோயிலுக்கு வலது பக்கமா இடது பக்கமா என்று இரண்டு பேர் சண்டை போட்டு, பார்த்துத் தெரிந்துகொண்டு, தோற்றவர் தேநீர் வாங்கிக் கொடுத்தார். பாடம் தொண்ணூறுகளுக்கு வந்த அன்று பால்மரங்கள் சத்தமில்லாமல் சாய்ந்தன, லயங்கள் கரைந்தன, அந்த இடத்தில் செம்பனை எழுந்தது, வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. எல்லோரும் எழுந்து நின்று பார்த்தார்கள். மரம் சாய்வதைத் தடுக்க கலாதேவி பாடத்தை நிறுத்தியிருக்கலாம். பிள்ளைகள் இன்றுவரைக்கும் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் நிறுத்தவில்லை.

நவம்பர் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மதிய உணவுக்கு முன்பே சரளா தொழிற்சாலை உடையோடு பள்ளிக்கு வந்தாள். மகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்றாள். காரணத்தைத் தாழ்வாரத்தில் கலாதேவியிடம் மட்டும் சொன்னாள். பாகான் டத்தோவில் பழுது பார்க்க விட்டிருந்த படகை எடுத்துக்கொண்டு சுரேன் விடிகாலையில் லூமுட்டுக்குப் புறப்பட்டிருந்தார். ஒன்பது மணிக்குள் வந்து சேர்ந்திருக்க வேண்டும். வரவில்லை. கைப்பேசி அடிக்கவில்லை. கடலில் பெரிய மழை. தேடப் போனவர்கள் பங்கோர் தீவைச் சுற்றித் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

புனிதா எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று இருவரும் கவனிக்கவில்லை. அவள் அழவில்லை. வகுப்புக்குள் போய்ப் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு திடலுக்கு ஓடினாள்.

திடலின் மேற்கே அன்று மழை பெய்துகொண்டிருந்தது. பள்ளி முழுவதும் வெயில் அடிக்க, பங்கோரிலிருந்து தெற்கே கடல் மேல் மட்டும் சாம்பல் போர்வை போல மேகம் தாழ்ந்து கிடந்தது. கலாதேவி பின்னாலேயே ஓடினார். நான்காம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். கடல்மேல் இதுவரை யாரும் படகு எதையும் பார்த்ததில்லை, தேடியதும் இல்லை. புனிதா வயிற்றைத் தரையில் வைத்துப் படுத்து, மேகத்துக்கு அடியில் கண்ணாடியை நுழைத்து, பாகான் டத்தோவிலிருந்து அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனாள். பூலாவ் செம்பிலான் என்று ஒன்பது தீவுகள் அங்கே இருக்கின்றன. கூழாங்கற்களாகப் பிள்ளைகளே வைத்தவைதான்; இப்போது அவற்றில் காடு இருந்தது. பெரிய தீவான ரும்பியாவுக்கு மேற்கே, திறந்த கடல் பக்கம், கசகசாவைப் போல வெள்ளையாக ஒன்று அசைந்தது.

"அப்பா படகு" என்றாள்.

கலாதேவி கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அது படகுதானா, நுரையா, அவரால் சொல்ல முடியவில்லை. அது வெளியே போய்க்கொண்டிருந்தது என்பது மட்டும் தெரிந்தது. வற்று நேரம், கடல் இறங்கிக்கொண்டிருந்தது. தான் சொல்வது தப்பாக இருந்தால், தேடுகிறவர்களை இல்லாத இடத்துக்கு அனுப்பியது போலாகும். சொல்லாமல் விட்டால் அந்த வெள்ளைப் புள்ளி இன்னும் ஒரு மணி நேரத்தில் திடலின் கோட்டைத் தாண்டிவிடும். அதற்கப்பால் வெறும் சிமெண்டுத் தரைதான். சரளாவிடம் எண்ணை வாங்கி நஜ்முதீனை அழைத்தார்.

"பாய், நான் புனிதாவோட டீச்சர் பேசுறேன். படகு பங்கோர் பக்கம் இல்ல. பூலாவ் ரும்பியாவுக்கு மேக்கால இருக்கு. வெளிய இழுத்துக்கிட்டுப் போவுது."

மறுமுனையில் கடையின் தட்டுச் சத்தமும் மழைச் சத்தமும் கேட்டன.

"யார் பார்த்தா டீச்சர்?"

"நாங்க பார்த்துக்கிட்டுதான் இருக்கோம். பள்ளிக்கூடத்துலருந்து."

சுரேன் தன்னிடம் அந்தத் திடலைப் பற்றிச் சொன்னபோது நம்பாமல் சிரித்ததை நஜ்முதீன் அப்போது நினைத்திருக்கலாம்.

"சுரேன் ஊத்துன தண்ணியா அது?" என்று கேட்டார்.

"ஆமாம் பாய்."

"சரிலா. நானே வேற போட்ல போறேன். ஃபோனக் கையிலயே வச்சிருங்க."

லூமுட்டிலிருந்து அங்கே போய்ச்சேர இரண்டு மணி நேரமாவது ஆகும் என்று கலாதேவிக்குத் தெரியும். தூரத்தை அவர்தான் பாடத்தில் அளந்து காட்டியிருந்தார். திரும்பி வந்தபோது புனிதா தீவின் ஓரத்தில் முகத்தைத் தண்ணீருக்கு மிக அருகே வைத்திருந்தாள். மூக்கு நுனி மேகத்துக்குள் இருந்தது. தொட்டுவிடுவாளோ என்று கலாதேவி பயந்தார். தொடவில்லை. பேசினாள். ஆண்டு முழுக்கப் பேசாததை எல்லாம் சேர்த்துவைத்தது போல நிறுத்தாமல் பேசினாள்.

"அப்பா, பின்னால தீவு இருக்கு. நீங்க வெளிய போறீங்க. திரும்புங்கப்பா. இடது கைப்பக்கம் போவாதீங்க, அங்க பாறைங்க."

மற்ற பிள்ளைகளும் குனிந்தார்கள். ஆளுக்கு ஒரு தீவு என்று கலாதேவி பிரித்துக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைத்திருந்தார். ஒவ்வொருவரும் தங்கள் தீவின் பெயரையும் அது எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் சொல்லத் தொடங்கினார்கள். ரும்பியா, லாலாங், சாகா, பூலோ என்று வரிசையாகப் போய், முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வந்தார்கள். சரளா செங்கல் மேல் உட்கார்ந்து வாயைத் துணியால் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் அந்த வெள்ளைப் புள்ளி சற்று நின்றது. பிறகு அலைக்கு எதிராக, மிக மெதுவாக, தீவின் பக்கம் திரும்பியது. ஒரு தடவை அலை அதை மூடியது. பிள்ளைகள் பெயர் சொல்வதை நிறுத்தவில்லை. அது மறுபடி தெரிந்தது. ரும்பியாவின் கரையை அது தொட்டதா இல்லையா என்று தெரியுமுன் மேகம் முழுக்க இறங்கிவிட்டது.

மூன்று மணிக்கு நஜ்முதீனின் குரல் வந்தது. சுரேன் ரும்பியாவின் மணலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார் என்றார். கையெல்லாம் தோல் உரிந்திருக்கிறது, வேறு ஒன்றுமில்லை, தண்ணீர் குடித்துவிட்டுச் சோறு கேட்கிறார் என்றார். சரளா அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள். கலாதேவி புனிதாவின் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். தட்டியவுடன் அந்த மண் எந்த ஊர் என்று தன்னால் சொல்ல முடிவதை உணர்ந்தார்.

வெள்ளிக்கிழமை சுரேன் இரண்டு கைகளிலும் கட்டோடு பள்ளிக்கு வந்தார். திடலருகே வந்ததும் செருப்பைக் கழற்றினார். நடந்ததைக் கலாதேவியிடம் சொன்னார். எஞ்சின் நின்றபிறகு மழையில் முன்பின் தெரியவில்லை. கரை எந்தப் பக்கம் என்றே தெரியாமல், இருக்கிற பலகையை எடுத்துத் தள்ளியதெல்லாம் வெளிக்கடல் பக்கம்தான். கை ஓய்ந்து, இனி முடியாது என்று படகில் படுத்துவிட்டார்.

"அப்பதான் டீச்சர், மேலருந்து புனிதா குரல் கேட்டுச்சு. வானம் பூராவும் அது குரல்தான். பின்னால தீவு இருக்குன்னு சொல்லிச்சு. அப்புறம் எல்லாப் புள்ளைங்களும் ஒப்பிக்கிற மாதிரி கேட்டுச்சு. அந்தச் சத்தத்துக்குத் தகுந்தாப்ல தள்ளிக்கிட்டே வந்தேன்."

கலாதேவி குனிந்து தன் நிழலைப் பார்த்தார். அது லூமுட்டும் ஆயர் தாவாரும் அடங்கிய மஞ்சோங் வட்டாரம் முழுவதன் மேலும் விழுந்திருந்தது. அவர் இரண்டடி பின்னால் நகர்ந்தார். ஆயர் தாவாரில் மறுபடி வெயில் அடித்தது.

அன்று முதல் திடலருகே யாரும் கத்துவதில்லை. கெட்ட வார்த்தை பேசக்கூடாது, தும்மல் வந்தால் முகத்தைச் சிற்றுண்டிச் சாலைப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறது. நெல் அறுவடை நேரத்தில் பாரிட் புந்தார் பக்கம் யாரும் ஊதுவதில்லை. சுரேன் லூமுட் வேலையிலேயே இருக்கிறார். கடலில் தனியாக இருக்கும் நாள்களில், வகுப்பு நடக்கும் நேரம் பார்த்து, மகளுக்குக் கேட்குமோ கேட்காதோ, சாப்பிட்டியாம்மா என்று மேலே பார்த்துக் கேட்பார். கலாதேவி மாற்றல் கேட்பதை நிறுத்திவிட்டார்.

மறு ஆண்டு ஒரு வியாழக்கிழமை, பல் வலிக்காக விடுப்பு எடுத்திருந்த கலாதேவி மருத்துவரிடமிருந்து திரும்பும் வழியில் ஈப்போ பெரிய சந்தைக்குள் நுழைந்தார். காலை பத்தரை இருக்கும். சீன மீன்காரர் ஒருவரிடம் தெங்கிரி மீன் ஒன்றைக் காட்டினார். அவர் அதை எடுத்துச் செதில் சீவிக்கொண்டிருந்தபோது, தகரக் கூரைக்கு மேலே, வானத்தில், பிள்ளைகள் பேராக் ஆற்றின் துணையாறுகளை ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. இந்த ஆண்டின் வகுப்பு. பதிலுக்கு வந்த ஆசிரியர் பாடம் எடுக்கிறார் போலும். கலாதேவி அப்படியே நின்றுவிட்டார். தினமும் கேட்டுப் பழகிய சத்தம் போல, அவரைத் தவிர யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கீரைக்காரம்மா சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரு பிள்ளை கிந்தா என்றது, பாத்தாங் பாடாங் என்றது, அதற்கு மேல் வராமல் தடுமாறியது.

மீன்காரர் கத்தியை நிறுத்தினார். கூரையைப் பார்த்து, பிளஸ் ஆறு விட்டுப்போச்சு என்று மலாயில் சொன்னார்.

பிறகு அந்தப் பிள்ளையின் குரல், பிளஸ், என்று சேர்த்துச் சொன்னது. மீன்காரர் தலையாட்டிவிட்டு, துண்டு போடட்டுமா முழுசாகவே வேண்டுமா என்று கலாதேவியிடம் கேட்டார்.